லிபெர்த்தா வீட்டுச் சிம்பன்சி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு வீட்டில் வேலை செய்தேன். வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவோடு சமையல், துடைப்பு, சலவை என்றுதான் பேச்சு. கப்பலில் வேலை பார்த்த அவருடைய மகன் ஒருமுறை ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சிம்பன்சிக் குட்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனான். அது திரைச்சீலையைக் கிழிக்கும்வரை சிஞ்ஞோராவுக்கு விளையாட்டாக இருந்தது. பிறகு யார் தலையில் விழும்? என் தலையில்தான்.

பால் போத்தலோடு கிட்டப் போன முதல் நாளே என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. வெங்காயம் வெட்டும்போதும் இடுப்பில், துணி காயப்போடும்போதும் இடுப்பில். இறக்கிவிட்டால் வாயைக் குவித்து அழும். நான் களைத்து உட்கார்ந்தால் என் கை மயிரை விலக்கி விலக்கிப் பேன் தேடும். வெட்கமாக இருக்கும், கையை இழுக்க மட்டும் மனம் வராது.

மாலையில் சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போனால் கணவர் மூக்கைப் பொத்துவார்.

"குரங்கு மணக்குது. போய் முழுகிப்போட்டு வாரும்."

"அதுக்கு வாலே இல்லையப்பா. குரங்கெண்டு சொல்லாதேங்கோ."

"வால் இல்லாட்டிப் பள்ளிக்கூடத்திலை சேர்த்துவிடுமன்."

குளிப்பாட்டும்போது அதன் தோளுக்குக் கீழே கல்லுப்போல் ஒன்று தட்டுப்படும். சூட்டுக்கட்டியாக்கும் என்று தினமும் மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசினேன். கரையவே இல்லை.

ஒரு காலை கதவைத் திறந்தால் சீருடையில் இரண்டு பேர். இத்தாலியில் தங்குவதற்கான பெர்மெசோ எனக்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை. என்னைப் பிடிக்கத்தான் வந்துவிட்டார்கள் என்று குளியலறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டேன். கழுத்தில் தொங்கியபடி அதுவும் வந்தது. அவர்களோடு வந்த ஒரு பெண் மெதுவாகக் கதவைத் தட்டினார். தான் மிருக வைத்தியர் என்றும், குட்டிக்காகத்தான் வந்தோம் என்றும் சொன்னார். அதை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் விடாதாம். எங்கள் இரண்டு பேரில் பெர்மெசோ இல்லாதவள் நான் மட்டுமல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

என் மடியில் வைத்தே வைத்தியர் அதைச் சோதித்தார். அந்தக் கட்டியைத் தொட்டதும் அவர் கை நின்றது. துப்பாக்கியின் ஈயச் சன்னம் என்றார். உயிரோடு இருக்கும்வரை தாய் குட்டியை விடாதாம். அதனால் குட்டி பிடிக்க வருகிறவர்கள் தாயைச் சுடுவார்கள். காப்பாற்ற வரும் மற்றவற்றையும் சுடுவார்கள். இறைச்சி சந்தைக்குப் போகும், மிஞ்சிய குட்டி விலைக்குப் போகும். தாயைச் சுட்டபோது சிதறியதில் ஒன்றுதான் இதன் தோளில் இருந்தது. இப்படியே போனால் அந்தக் காடுகள் ஒருநாள் சிம்பன்சியே இல்லாமல் கிடக்கும் என்றார்.

நான் யுத்தத்திலிருந்து வந்தவள். உடம்புக்குள் சன்னத்தோடு நடமாடிய எத்தனையோ பேரைத் தெரியும். ஆனால் பால் குடிக்கும் பிள்ளையின் தோளில் அப்படி ஒன்றை எந்த மனம் நினைக்கும்? வாய்விட்டு அழுதேன்.

ஆப்பிரிக்காவில், தாயிழந்த குட்டிகளை ஒன்றாக வளர்த்துக் காட்டுக்குப் பழக்கும் ஓர் இடத்துக்கு அதை அனுப்பப் போகிறார்களாம். மனிதரை ஒட்டியே கிடந்தால் தன் இனத்தோடு சேராது, உன்னை மறந்தால்தான் அது பிழைக்கும் என்றார் வைத்தியர்.

அவர்கள் தூக்கப் பார்த்தபோது கையாலும் காலாலும் என் சட்டையைப் பற்றிக்கொண்டு அலறியது. கடைசியில் நானே படியிறங்கி, நானே வண்டியிலிருந்த கூட்டுக்குள் வைத்தேன். வைத்தது நான் என்பதால் அது அழவில்லை. கம்பிக்கு வெளியே விரலை நீட்டி என் கையைத் தேடியது.

வண்டி திரும்பி மறைந்ததும் தெருவிலேயே நின்று மாதாவை வேண்டினேன். அது என்னை மறந்துவிட வேண்டும் என்று கேட்டேன். கேட்ட கையோடு, இன்றைக்கு மட்டும் மறக்க வேண்டாம் என்றும் கேட்டேன்.