மேகநாட்டு ராணி

இப்போது என் பிள்ளைகள் கைபேசியில் நாடு பிடித்து விளையாடுகிறார்கள். கோப்பாயில் மின்சாரம் ஒழுங்காக வராத எங்கள் காலத்தில் அக்கா வாயாலேயே ஒரு நாட்டைக் கட்டினாள். கிணற்றடி மாமரத்தின் கீழிருந்த அந்த நாட்டுக்கு மேகநாடு என்று பெயர். கடவுள் ஒளியப்பன். குரு அக்காதான், அந்தப் பதவிக்கு வேறொருவரும் ஆசைப்பட அவள் விடவில்லை.

அரண்மனைக்காரராக விளையாடுகிற பிள்ளைகளுக்கு அக்கா உற்சாகமாகப் பாடம் சொல்வாள். “ஒளியப்பன் சிரிக்கிறவர். மாங்காய் தின்னுங்கோ, பாடுங்கோ, அதுதான் பூசை.” தண்ணீர் சுமக்கிற எங்களிடம் வந்ததும் குரல் கடுமையாகிவிடும். “ஒளியப்பன் எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருக்கிறார். ஒரு சொட்டுச் சிந்தினாலும் அடுத்த பிறப்பிலையும் குடம்தான்.” நான் உண்மையாகவே நடுங்கிப்போய்ச் சுமப்பேன்.

கண்ணை மூடிக்கொண்டு இலை எடுக்கும்போது ஓட்டை போட்ட பூவரசம் இலை யாருக்கு அகப்படுகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா அல்லது ராணி. எங்கள் தோட்டத்தில் வெங்காயம் கிண்ட வருகிற பெண்ணின் மகள் வதனிக்கு அது அகப்பட்டதே இல்லை. எனக்கு அவளை நன்றாகப் பிடிக்கும். “ஒரு நாளைக்கெண்டாலும் அந்தச் சிரிக்கிற சாமியின்ரை பாடத்தைக் கேக்கவேணும்” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் இலை அகப்பட்டுவிட்டது. கவிழ்த்த பனையோலைக் கடகத்தில் அவளை இருத்தி, பூமாலை போட்டு, அக்கா பாடத்தைச் சொன்னாள்.

“அப்ப என்னைப் பாத்தும் சிரிப்பாரோ?”

“ஓம், நீ இப்ப ராணியெல்லே.”

ராணிக்குத் தாகம் எடுத்தது. நான் குசினிக்கு ஓடி, நாங்கள் தண்ணீர் குடிக்கிற வெண்கல மூக்குப்பேணியை நிரப்பி, சிந்தாமல் கொண்டுவந்தேன். வதனி வாய் வைத்துக் குடித்தாள்.

அந்நேரம் பார்த்துக் கிணற்றடிக்கு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். வதனியின் தாய் மண் கையோடு ஓடிவந்து, “பிள்ளைக்குத் தெரியாதம்மா, தெரியாமல் செய்துபோட்டுது” என்று அவளைக் கடகத்திலிருந்து இழுத்தாள். அம்மா ஏசவில்லை. “விளையாடினது காணும், உள்ளுக்கை வாங்கோ” என்று அக்காவையும் என்னையும் மட்டும் கூப்பிட்டார். வதனி கழுத்து மாலையைப் பிடித்தபடியே அழுதுகொண்டு படலையைத் தாண்டினாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

அன்று பின்னேரம் அம்மா குந்தியிருந்து அந்தப் பேணியைப் பழப்புளி போட்டுத் தேய்த்தார். கழுவிப் பார்த்துவிட்டு, திரும்பவும் தேய்த்தார். எங்கள் ராணி குடித்த பேணி என்பதால்தான் அம்மா அதை அவ்வளவு மினுக்குகிறார் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.