நடு ஸ்பீக்கரைக் குறைத்தது யார்?

மகனுக்கு சுவிஸின் மேற்கே ரெனானில் வேலை கிடைத்தபோது தன் ஹோம் தியேட்டரை எங்கள் ஓல்டன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். அங்கே எடுத்த அறை சின்னது, இதற்கு இடமில்லை என்றான். அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய சாமானை ஒருவன் சும்மா விட்டுவிட்டுப் போவானா என்று நான் யோசித்தேன். ஒன்று அதில் பழுது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதைவிட நல்லதாக ஒன்றை வாங்கியிருக்க வேண்டும். கேட்டதற்கு, "அப்பா, நீங்கள் பொலிசில சேர்ந்திருக்கலாம்" என்று சிரித்தான்.

ஒரு கறுப்புப் பெட்டி, ஐந்து ஸ்பீக்கர்கள், எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு ரிமோட். அந்த ரிமோட்டில் எள்ளைக் கொட்டியது போலப் பொத்தான்கள். புறப்படும் நாளில் மகன் என்னைப் பக்கத்தில் இருத்தி விளக்கினான்.

"படத்தில கதைக்கிற குரல் முழுக்க இந்த நடு ஸ்பீக்கராலதான் வரும். பாட்டு, மழை, கார்ச் சத்தம் எல்லாம் மற்றதுகளால வரும். நடு ஸ்பீக்கரைத் தனியக் கூட்டலாம், தனியக் குறைக்கலாம். இதை அமத்திப்போட்டு, மேல அமத்தினால் கூடும், கீழ அமத்தினால் குறையும்."

தனியக் குறைக்கலாம் என்ற சொல்தான் என் மனதில் தங்கியது. அப்படியென்றால் நான் வேலைக்குப் போன நேரத்தில் வேறொருவரும் அதைக் குறைத்துவிடலாம் அல்லவா.

அவன் போனதும் ரிமோட்டைச் சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றினேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் உறை போடாத ரிமோட்டை நான் கண்டதில்லை. சோபாவின் உறையைக் கழற்றிய வீட்டில்கூட ரிமோட் உறையோடுதான் இருக்கும்.

பொங்கல் வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு படங்களில் ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மழை என் தோளுக்குப் பின்னால் நன்றாகப் பெய்தது. கதவுகள் படார் என்று அடித்தன. ஆனால் கதாநாயகன் தாயிடம் ஏதோ சொல்வான், தாய் அழுவாள், ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரியாது. மொத்தச் சத்தத்தையும் கூட்டிப் பார்த்தேன். அடுத்த காட்சியில் ஒரு கார் வெடிக்க, என் மனைவி சமையலறையிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள். நான் தீர விசாரிக்கிற ஆள். குரலை மட்டும் யாரோ குறைக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. யார், ஏன் என்பதுதான் பாக்கி. அது தெரியும் வரை நடு ஸ்பீக்கரில் கை வைத்துச் சாட்சியைக் கலைக்கக் கூடாது என்று இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை கட்டடத்தின் அடியிலுள்ள வாஷ்குஷேக்கு, உடுப்புத் தோய்க்கும் அந்தப் பொது அறைக்கு, கூடையோடு இறங்கினேன். கீழ்வீட்டு சுவிஸ் கிழவியும் என் மனைவியும் மெஷின் பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் இருவரும் குரலைத் தாழ்த்திவிட்டார்கள். மேலே வந்ததும் கேட்டேன்.

"என்ன கதைச்சனீங்கள்?"

"சும்மா."

எங்கள் சனம் சும்மா என்று சொன்னால் அதற்குள் பெரிய கதை இருக்கும். கிழவி சத்தம் கூட என்று முறைப்பட்டிருக்கிறாள், வீட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம் வருமோ என்று பயந்து இவள் எனக்குத் தெரியாமல் குறைத்து வைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். கேட்டிருந்தால் நானே குறைத்திருப்பேன். ஸ்பீக்கர் போனால் போகட்டும். முப்பது வருடம் ஒன்றாகச் சீவித்த பிறகு இவளுக்கு என்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது என்பதுதான் என்னை அரித்தது. ஒன்றை ஒளித்தவள் ஒன்பதை ஒளிக்க மாட்டாளா?

நான் கோப்பை கழுவும் கன்ரீனிலும் அதே கதைதான். இருபத்தைந்து வருடமாக அந்தப் பெரிய கழுவும் மெஷினின் இரைச்சலுக்குள்ளும் எனக்கு முன்னால் நின்று பலமாகக் கதைத்தவர்கள், அந்த வருடம் வாய்க்குள்ளே கதைத்தார்கள். புதிதாக வந்த தலைமைச் சமையற்காரன்தான் காரணம் என்று அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதை நிறுத்தினேன்.

வீட்டில் ஒரு பொறி வைத்தேன். வேலைக்குப் போகும்போது ரிமோட்டை மேசை விளிம்புக்கு நேராக வைத்துவிட்டுப் போவேன். பின்னேரம் வந்து பார்த்தால் சில நாட்களில் அது கொஞ்சம் சரிந்திருக்கும். புரட்டாதியில் ஒரு நாள் இன்னும் நல்ல சாட்சி கிடைத்தது. பிளாஸ்டிக் உறையில், நடு ஸ்பீக்கர் பொத்தானுக்கு மேலே, மஞ்சள் பட்ட விரலின் அடையாளம்.

"ரிமோட்டைத் தொட்டனீரோ?"

"எனக்கு அந்தச் சாமானில என்ன விளங்கும்? தூசி தட்டேக்க பட்டிருக்கும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முணுமுணுத்தபடி போய்விட்டாள். அதுவும் பாதிதான் என் காதில் விழுந்தது, பழமொழியானபடியால் மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். மூன்று நாட்கள் அவளோடு கதைக்கவில்லை.

பிறகு ஆயுதபூசை வந்தது. வீட்டுச் சாமான்களுக்குப் பொட்டு வைப்பது எப்போதும் என் வேலை. பக்கத்து ஊர்த் திரிம்பாக் கோயிலிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைக் குழைத்து, காருக்கு, தையல் மெஷினுக்கு, கடைசியாக இந்தக் கறுப்புப் பெட்டிக்கு வைத்தேன். அதன் முகத்தின் நடுவில் பொட்டு வைக்கவென்றே செய்தது போல ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது. சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் மனைவி ஒரு படத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். வழக்கம்போல எனக்குக் குரல் வரவில்லை. ரிமோட்டை எடுத்து அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"பற்றரியை மாத்தினனீரோ?" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினேன். "நல்லதைக் கழட்டிப்போட்டுப் பழசை வச்சிருக்கிறீர்."

அவள் எட்டிப் பார்த்தாள். வாய் அசைந்தது. பதில் சொல்ல முடியாமல் வாய்க்குள் மென்று விழுங்குகிறாள் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, ரிமோட்டின் கட்டளையை வாங்கும் கண் அந்த வட்டக் கண்ணாடிதான். அதன் மேல் நான் அப்பிய சந்தனம் காய்ந்து தடித்துப்போயிருந்தது. சுரண்டித் துடைத்ததும் ரிமோட் வேலை செய்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தனம் வைத்தது நேற்று, குரல் குறைந்தது தை மாதத்தில்; என் வழக்கு அப்படியே நின்றது.

இவ்வளவு கிட்ட வந்தாயிற்று, எவ்வளவு குறைத்திருக்கிறாள் என்று பார்த்துவிடுவோம் என்று பொத்தானை அமத்தினேன். பெட்டியின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது. நடு ஸ்பீக்கர், கூட்டல் பன்னிரண்டு. மேலே அமத்திப் பார்த்தேன், எண் அசையவில்லை. அதுதான் அதன் உச்சம்.

மனைவி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதைத் தொட்டது நீர்தானே?"

"ஓம்" என்றாள். குனிந்து என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாள். "நான் குறைக்கேல்லை. கூட்டினனான். தை மாசத்தில இருந்து ஒவ்வொண்டாக் கூட்டிக்கொண்டு வாறன். போன கிழமையோட முடிஞ்சுது. இனிக் கூட்ட இடமில்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"காது கேக்கேல்லை எண்டு நான் சொன்னால் நம்பியிருப்பியளோ? கீழ்வீட்டு அம்மா காதுக்கு மெஷின் போட்டிருக்கிறா. எந்த டொக்டர் எண்டு அவவிட்டக் கேட்டு வச்சிருக்கிறன். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை."

நம்பியிருக்க மாட்டேன். அதையும் ஒரு சதி என்றே எடுத்திருப்பேன்.

அப்போதும் சோதித்துப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. எண்ணை வழக்கமான அளவான பூச்சியம் வரை இறக்கினேன். திரையில் ஒரு பெண் வெகுநேரம் கதைத்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. மனைவியைப் பார்த்தேன்.

"எனக்கு இப்பதான் அளவாக் கேக்குது" என்றாள்.

ஒன்பது மாதமாக எனக்காக அந்தச் சத்தத்துக்குள் இருந்திருக்கிறாள். நான் அவளுக்குப் பொறி வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் சமையலறைக்குத் திரும்பிப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அங்கிருந்து என்னைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டேன். மற்ற நாளென்றால் என்னைக் கண்காணிக்கிறாள் என்று நினைத்திருப்பேன். எழும்பி அவளிடம் போனேன்.

"கேக்கேல்லை" என்றேன். "திருப்பிச் சொல்லும்."

அவள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு என் முகத்துக்கு நேரே திரும்பினாள்.

"தேத்தண்ணி போடட்டோ எண்டு கேட்டனான். இது மூண்டாந்தரம்."