மச்சான் பிடித்த கயிறு

மன்னார்த் தீவில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆகவே மலைநாட்டில் இரண்டு நாள் நடப்பதற்கான பயிற்சியை நானும் மச்சானும் கோயில் மணிக்கோபுரத்தில் தொடங்கினோம். முதுகுப்பையில் ஆளுக்கு ஐந்து கிலோ மணல். காலைத் திருப்பலி முடிந்து சனம் கலைந்த பிறகு ஏறுவோம், இறங்குவோம், மறுபடி ஏறுவோம்.

“என்ன நிருபர், மோட்சத்துக்குக் குறுக்குவழியோ?” என்று மணியடிக்கிறவர் கேட்பார்.

“இவர் அங்க போனாலும் குறிப்புப் புத்தகத்தோடதான் போவார்” என்பான் மச்சான்.

நுவரெலியாவில் தொடங்கி ஹோர்ட்டன் சமவெளியில் முடியும் அந்த நடை, இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றை மன்னாருக்கு வாங்க நிதி சேர்ப்பதற்கானது. என் மனைவி கிழமைக்கு இரண்டு தடவை அந்தச் சிகிச்சைக்காக வவுனியாவுக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். மச்சான் அவளுடைய தம்பி. அவள் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: “ரெண்டு பேரும் சேர்ந்து முடியுங்கோ.” பயிற்சி நடந்த மூன்று மாதமும் எனக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை.

அவர்களுடைய தகப்பன் சங்கு குளித்தவர். குளிப்பவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பது அவனுடைய மனைவியின் சகோதரன் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். தன் சகோதரி விதவையாவதை எவனும் விரும்பமாட்டான் என்ற நம்பிக்கை. மச்சான் கந்தோரில் மேசை வேலை பார்க்கும் எழுதுவினைஞன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனாலும் சொல்வான்: “பயப்பிடாதேங்கோ அத்தான். உங்கட கயிறு என்ர கையில.”

பயிற்சிமுறையும் அவன் வகுத்ததே. மலையில் காற்றுக் குறைவு, ஆகவே சங்கு குளிப்பவரைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு படியேற வேண்டும் என்றான். கண் இருண்டு சுவரைப் பிடிக்கும்வரை ஏறினேன். பின்னாளில் ஒரு வைத்தியர் இதைக் கேட்டுச் சிரித்தார்.

ஒரு மத்தியானம் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியில் நடக்கையில் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரு பக்கமும் கடல். ஒதுங்க நிழல் இல்லை. “நீங்கள் போங்கோ” என்றான். நான் போகவில்லை. காலை உருவிவிட்டபடி தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்பது என்று அங்கேதான் பேசிக்கொண்டோம். அவன் கை தந்தான்.

நடையின் இரண்டாம் நாள், பட்டிப்பொலைக்கு அப்பாலான ஏற்றத்தில் எனக்குத் தலை இடிக்கத் தொடங்கியது. பத்தடிக்கு ஒருதரம் நின்றேன். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மச்சான் என் முகத்தைப் பார்த்தான். அடுத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“அந்த வளைவுக்கு அங்கால தண்ணி குடுக்கினமாம் அத்தான். எடுத்துக்கொண்டு வாறன்.”

தண்ணீர் எடுக்கப் போகிறவன் பையையும் தோளில் மாட்டிக்கொண்டதைக் கண்டேன். அதன் அர்த்தம் அப்போது எனக்குப் பிடிபடவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். கடைசியாக வந்த முதலுதவி வாகனத்தில் இருந்த தாதி என்னை ஏற்றிப் போர்வை தந்தாள். வளைவைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். அங்கே உருளைக்கிழங்குத் தோட்டம் இருந்தது. தண்ணீர் கொடுப்பவர் எவரும் இல்லை.

முடிவிடத்தில் அவன் பதக்கத்தோடு நின்றான். “உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்” என்றான்.

தலையிடி குறையும்வரை இரண்டு நாள் நுவரெலியாவில் தங்கிவிட்டுத் தனியே ஊர் திரும்பினேன். அவன் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தான். எங்கள் வீட்டு இருதயநாதர் படத்தின் ஆணியில் அவனுடைய பதக்கம் தொங்கியது. மனைவியின் கையில் முந்தின தடவை ஊசி ஏற்றிய இடம் கன்றிப்போயிருந்தது.

“விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு நிண்டவனாம். நீங்கள்தான் பேசிக் கலைச்சனீங்களாம். பாவம், அழாத குறையாச் சொல்லுறான்” என்றாள்.

மச்சான் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தவறான செய்தியைத் திருத்துவதே என் தொழிலாக இருந்தது.

“ஓம், நான்தான் போகச் சொன்னனான்” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. மச்சான் கோப்பையைக் கீழே வைத்தான்.

“நாளைக்கு வவுனியாவுக்கு அக்காவை நான் கூட்டிக்கொண்டு போறன். நீங்கள் களை ஆறுங்கோ அத்தான்.”

“வேண்டாம்” என்றேன். அவள் என்னை வியப்போடு பார்த்தாள். மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில் நானே அவளோடு போனேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் நானே போனேன்.