டாக்டரம்மாவிடம் எனக்குப் பதில் போன மச்சான்

இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவன் மூழ்கிச் சாகலாம் என்று நிறையப் படித்திருக்கிறேன். ஒருமுறை செய்தும் பார்த்தேன். காற்றில் படகு கவிழ்ந்து, வலை காலைச் சுற்றிக்கொள்ள, பழவேற்காட்டு ஏரியில் கரை தெரியும் தூரத்தில் உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். படகில் கூட வந்த மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, என் முடியைப் பிடித்துத் தூக்கினான். "காலை ஊனி நில்லு மாமா. நின்னா போதும்" என்றான்.

அதற்குப் பிறகு படகில் கால் வைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், மூச்சு பாதி வழியில் நின்றுவிடும். மூன்று முறை ஏறினேன், மூன்று முறை இறங்கினேன். படகை விட்டால் எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை புத்தகம் படிப்பது. அதை யாரும் கிலோ கணக்கில் வாங்குவதில்லை.

இதய டாக்டர் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார். பொன்னேரியில் வாரத்துக்கு ஒருநாள் ஒரு டாக்டரம்மா வருவதாகக் கேள்விப்பட்டோம். ஊரில் கண் பரிசோதனை என்று சொல்லிவிட்டு நானும் மச்சானும் பஸ் ஏறினோம். வழி முழுக்க அவன் என் கையை விடவில்லை.

"கைய உடுடா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் மாமா. கண்ணு தெரியாதவன வேற எப்டி இட்டுனு போவாங்க?"

படுக்கச் சொல்லும் சோபா, தலையில் மாட்டும் வயர், பிடித்து அமுக்க இரண்டு தடியர்கள். இவ்வளவும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். இருந்ததோ பிளாஸ்டிக் நாற்காலிகளும், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களைப் போலவே இருந்த ஆறு பேரும். பைத்தியமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; கறுப்புக் கண்ணாடி வேறு போட்டிருந்தேன். நர்ஸ் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி, ஏழாம் நம்பர் டோக்கன் கொடுத்தார். டோக்கனை மச்சானிடம் கொடுத்துவிட்டு பாத்ரூமுக்குப் போனேன். ஆறு பேர் முடியும்வரை அங்கேயே இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் மீன் படும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உங்கள் பாடு வரும் நாளில் உங்களுக்குக் காய்ச்சல் என்றால் தம்பியோ மச்சானோ போக வேண்டும். ஆள் படுக்கலாம், பாடு வீணாகக் கூடாது. நர்ஸ் "ஏழு" என்று கூப்பிட்டபோது ஏழு பாத்ரூமில் இருந்தது. மச்சான் எழுந்து உள்ளே போய்விட்டான்.

நான் வந்து பார்த்தபோது கதவு மூடியிருந்தது. அரைமணி நேரம் மூடியே இருந்தது. வெளியே வந்தவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூக்கு சிவந்திருந்தது.

"டேய், உள்ள இன்னாடா பண்ண?"

"உன் பாடு தப்பிடுமேனு பூந்துட்டேன் மாமா."

"சரி, என்னப் பத்தி இன்னா சொன்ன?"

"மொதல்ல உன்னப் பத்திதான் ஆரம்பிச்சேன். அந்தம்மா, தூக்கம் எப்டி, பசி எப்டி, தண்ணி அடிப்பீங்களானு கேட்டுனே போச்சு. உன் தூக்கம் எனக்கு இன்னா தெரியும்? என்னுத சொல்லிட்டேன்."

கதவிலிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "அவருக்குத் தனியா ஒரு ஃபைல் போட்டாச்சு. நிஜமான ஏழு நீங்கதானே? வாங்க."

உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி: "அவன் இன்னாங்க சொன்னான்?"

"அவர் சொன்னது அவரோடது. நீங்க சொல்றது உங்களோடது. வெளிய போகாது."

ரத்த அழுத்தம் பார்த்தார். எப்போது தொடங்கியது, வீட்டில் யாருக்காவது உண்டா, வேறு என்ன மாத்திரை என்று கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோக் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், ஜோக்கையும் எழுதினாரா தெரியாது. பிறகு, டீக்குச் சர்க்கரை போடவா என்பது போன்ற குரலில், "செத்துடலாம்னு தோணுதா?" என்றார்.

"எங்க ஊர்ல டச்சுக்காரன் கல்லறை கீதுங்க. வாசல்லயே கல்லுல ரெண்டு எலும்புக்கூடு. அத பாக்க வர்றவன்லாம் என்னாண்டதான் வழி கேப்பான். சாவு நெனப்பு ஒரு நாளைக்கு அஞ்சு வாட்டி வருது."

அவர் சிரிக்கவில்லை. காத்திருந்தார்.

"இல்லீங்க" என்றேன். "சாவணும்னு இல்ல. செத்துடுவேனோனுதான்."

அதைச் சொன்ன பிறகு எனக்கும் துண்டு தேவைப்பட்டது. மச்சானுடையதைக் கேட்டு வாங்க முடியாது. மேஜைமேல் காகிதக் கைக்குட்டைகள் தயாராக இருந்தன. நிறையப் பேர் இங்கே அழுதிருக்கிறார்கள் என்று தெரிந்ததில் ஒரு தெம்பு.

அது பதற்ற நோய்தான், நிறையப் பேருக்கு வருவதுதான் என்றார். தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை. காலையில் ஒரு சின்ன மாத்திரை. அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகலாம், முதலில் வயிறு பிரட்டலாம், தானாக நிறுத்தக் கூடாது. அப்புறம் ஒரு வேலை: தினமும் கரையில் கட்டியிருக்கும் படகில் ஏறி உட்கார வேண்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது இறங்கக் கூடாது. அடங்கிய பிறகுதான் இறங்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து இருவரும் வர வேண்டும்.

ஆகவே கட்டிப்போட்ட படகில், பட்டப்பகலில், இரண்டு ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். கூடையோடு போன ஒரு பெண் நின்று பார்த்தார்.

"இன்னா, ரெண்டு பேரும் கயிற அவுக்காம எந்த ஊருக்குப் போறீங்க?"

"வைத்தியத்துக்குக்கா" என்றேன்.

"கண்ணுக்கா?"

"மனசுக்கு."

மச்சான் என் காலை மிதித்தான். அந்த அம்மா கூடையை இறக்கி வைத்தார். "அந்த டாக்டரு எங்க கீறாரு? எங்க வூட்டுக்காரருக்கும் கேக்கணும்" என்றார்.

பதினோராம் நாள் நெஞ்சு அடித்தது, பிறகு களைத்துப்போய் விட்டுவிட்டது. "கயித்த அவுடா" என்றேன்.

"இன்னிக்கேவா மாமா? நாளைக்குப் போலாமே" என்றான் மச்சான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"காலை ஊனி நின்னா போதும்டா" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நானே அவிழ்த்தேன். கோலை ஊன்றி ஒரு தள்ளு. பத்தடி தூரம் போனோம். அவன் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நெஞ்சு அடங்கும் வரை அங்கேயே மிதந்தோம்.