மூன்றும் வேண்டும் தெசான்காவுக்கு

விரல் முட்டியால் மேஜையைத் தட்டித் தாளம் கொடுப்பார் தெசான்கா. மூன்றாம் வகுப்பின் ஏழாம் வாய்ப்பாடு சுவரைத் துளைத்துக்கொண்டு என் இசை வகுப்புக்குள் வரும். திடீரென்று தாளம் நிற்கும். "ஏழெட்டு ஐம்பத்தாறு. ஏன்? நான் சொன்னா ஆயிடுச்சா? எனக்குப் பைத்தியம் புடிச்சிருந்தா?" ஒரு பிள்ளை எழுந்துபோய் ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு பிளம் மரம் என்று கரும்பலகையில் தோட்டம் போட வேண்டும். சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் அடுத்தது: "நடுவுல ஒரு வரிசை பட்டுப்போச்சு. இப்ப எத்தனை மரத்துல ஏறுவே?"

குட்டை உருவம். ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை. காப்பி ஆறியபிறகுதான் குடிப்பார், அதுவும் ஒரே மடக்கில். எங்கள் ஊரான வால்யெவோவின் கடைத்தெருவில் பழைய மாணவன் மீசையும் மனைவியுமாக எதிரே வந்தாலும் நலம் விசாரிக்கும் முன், "ஒன்பதாறு?" என்பார்.

ராஸ்பெர்ரிக் கிடங்கு வைத்திருக்கும் ஒப்ராத் ஒருநாள் மகள் கொசாராவைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். "டீச்சர், பரீட்சைக்கு வேகம் போதும். படம் போட்டு ஏன் நேரத்தை வீணாக்கறீங்க?"

"ஏழெட்டு என்னம்மா?" என்று கொசாராவைக் கேட்டார் தெசான்கா.

"ஐம்பத்தாறு!"

"அதை வெச்சே எட்டெட்டு சொல்லு."

கொசாரா, "ஓரெட்டு எட்டு..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா ஒப்ராத்? சொந்த வீடு தெரியுது, பக்கத்து வீடு தெரியல."

கடந்த வசந்தத்தில் வந்த ஆய்வாளர் ஸாகோர்க்காவுக்கு நேர்மாறான குறை. "மனப்பாடமெல்லாம் பழைய காலம் டீச்சர். புரிஞ்சா போதும். இந்தப் பாட்டை நிறுத்துங்க."

"புரிஞ்சுதான் பாடுறாங்க. ஒவ்வொரு தடவையும் மரம் நட்டு எண்ணினா, கேட்ட கேள்வியே மறந்துபோகும். போன வருஷம் ஒரு பிள்ளையோட அப்பா வந்து படம் வேணாம்னார். நீங்க பாட்டு வேணாங்கறீங்க. எனக்கு ரெண்டும் வேணும், மூணாவதா, ரெண்டையும் கொண்டுபோய்க் கடைத்தெருவுல செலவழிக்கவும் பசங்களுக்குத் தெரியணும். நிறுத்த மாட்டேன்."

பிள்ளைகள் முன்னால் சொன்னதுதான் வினையாயிற்று. இலையுதிர் காலத்தில் பள்ளி திறந்தபோது வகுப்பு வேறொருவருக்குப் போயிருந்தது. பள்ளி முடிந்து பெற்றோர் வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் இனி இவர் வேலை; பாடம் நடத்தக் கூடாது என்று தலைமையாசிரியர் மிலிசாவ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அழுதீங்களா?" என்று கேட்டேன்.

"அழுதேன். அதுக்கென்ன? நான் அழுதா அவங்க சொன்னது சரின்னு ஆயிடுமா?"

நேற்று மாலை பிள்ளைகள் காத்திருக்கும் அறைக்குச் சமையலறையிலிருந்து ஒரு தட்டு சோள ரொட்டி வந்தது. தட்டு முழுக்க ஒரே பாளமாக, வெட்டாமல். தெசான்கா கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டார். கரும்பலகையில் பிள்ளைகளின் எண்ணிக்கை 24 என்று எழுதியிருந்தது. நாலு வரிசையில் ஆறு என்றது ஒரு கூட்டம், மூணு வரிசையில் எட்டு என்றது இன்னொன்று. எதில் துண்டு பெரிசு என்று ஒரே அடிதடி. சத்தம் கேட்டு மிலிசாவ் வாசலில் வந்து நின்றார், பின்னாலேயே நானும்.

"பாடம் நடத்தக் கூடாதுன்னு சொன்னேனே, தெசான்கா."

"பாடமா? பசங்களுக்குப் பசி, சார்."

அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார் தெசான்கா. கம்பளிச் சட்டையின் கையால் 24 என்பதை அழித்தார். 25 என்று எழுதி, சாக்பீஸை அவரிடம் நீட்டினார்.