அம்மாவை யார் அழைத்துப் போவது

எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைப் பட்டியலும், மகனின் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு விடுப்புக் கடிதங்களும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டியதை அன்றைக்கே வாயால் சொல்லியிருந்தால் இதை எழுதும் தேவையே வந்திருக்காது. ஒன்பது பிள்ளைகளில் எட்டாவதாகப் பிறந்து, பதினான்கு பேர் இருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். இரண்டு வீட்டிலும் நான் ஒரு பேச்சைத் தொடங்குவதற்குள் வேறு யாராவது என்னைவிடச் சத்தமாக வேறொன்றைத் தொடங்கிவிடுவார்கள்.

எனக்கு மேலே ஐந்து அண்ணன்கள், இரண்டு அக்காக்கள். எனக்குக் கீழே ஒரு தம்பி. அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பி ஆறு பேரும் உட்கார்ந்து பேசி, அம்மாவை ஆளுக்கு இரண்டு மாதம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். ஆறு பேர், பன்னிரண்டு மாதம். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். பெண்கள் மூன்று பேரும் அந்தக் கணக்கில் இல்லை. பெண் வீட்டில் அம்மாவை வைத்திருந்தால் ஆறு ஆண்பிள்ளைகளுக்கும் தலைக்குனிவு என்றார்கள். நாங்களும் எதுவும் சொல்லவில்லை.

முதல் வருடமே ஒரு சண்டை வந்தது. இரண்டாவது அண்ணி, தன் முறை முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கே அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய் அடுத்த அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. "சாமானை டெலிவரி பண்ற மாதிரி கொண்டாந்து போட்டுட்டுப் போறாங்க" என்று அந்த வீட்டில் கேட்டார்கள். இரண்டு குடும்பமும் ஒரு தீபாவளி முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பெரியண்ணன் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். வைத்திருப்பவர் கொண்டுபோய் விடக் கூடாது. அடுத்த முறைக்காரர்தான் நேரில் வந்து, ஒருவேளை சாப்பிட்டுவிட்டு, மரியாதையாக அம்மாவை அழைத்துப் போக வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. பத்து வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டும் இருந்தது.

போன வருடம் குறுவை நெல் அறுப்பு முடிந்த சமயம். ஒரு நாள் மதியம் பன்னிரண்டரை மணி இருக்கும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து, ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஷேர் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அம்மா ஒரு கட்டைப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தது. எண்பது வயதில் தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாட்டுக்குத் தனியாகப் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறது.

"என்னம்மா, யாரு கூட வந்தீங்க?"

"பொம்பளைக்குத்தான் டவுன் பஸ்ஸு சும்மாவாச்சே. அந்தத் தெம்புல வந்துட்டேன். நவுரு, தண்ணி குடு."

தண்ணீர் குடித்த பிறகுதான் விஷயம் வந்தது. தஞ்சாவூரில் இருக்கும் சின்னண்ணன் வீட்டில் அம்மாவின் இரண்டு மாதம் முடிந்துவிட்டது. பேராவூரணியில் இருக்கும் தம்பி வந்து அழைத்துப் போக வேண்டும். வரவில்லை. அம்மா பையைக் கட்டி வைத்து நாலு நாள் ஆகியிருந்தது.

"தெனம் காலையில கட்டுன பையை அவுத்து ஒரு பொடவை எடுக்குறேன். சாயந்திரம் அதைத் தொவைச்சு மடிச்சுத் திரும்பக் கட்டுறேன். உங்க அண்ணி ஒண்ணும் சொல்லலை. நல்லவதான். ஆனா பையைத் தாண்டிப் போறப்பல்லாம் ஒரு தடவ பையைப் பாக்குறா. எத்தனை தடவதான் அதை நானும் பாக்குறது?"

என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணன் தம்பியும் சிரித்தார்கள். அம்மா சொன்ன விதம் அப்படி. நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்த் தம்பிக்குப் போன் செய்தேன்.

"நானா வர மாட்டேங்குறேன்? அண்ணன் ஒரு வார்த்தை 'வந்து அழைச்சுக்கடா'ன்னு சொல்லணும்ல. நானா போய் நின்னா, 'ஏன், இங்க உங்கம்மாவுக்குச் சோறு போடலையா, ஓடியாந்துட்டீங்க'ன்னு அண்ணி கேக்கும். போன தடவ கேட்டுச்சுக்கா."

அவனிடம் பேசி முடிப்பதற்குள் சின்னண்ணனின் போன் வந்துவிட்டது.

"அம்மா அங்க வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே."

"நான் வயலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கெளம்பிடுச்சு. பாக்குறவன் என்ன சொல்லுவான்? நான் தொரத்திவுட்டேன்னுதானே?"

"நீங்க தம்பிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல."

"நான் எப்படிப் போடுவேன்? தேதி ஆயிடுச்சு, வந்து தூக்கிட்டுப் போன்னு சொல்ற மாதிரி ஆவாதா? நீ ஒண்ணும் தெரியாமப் பேசாத."

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஒருவருக்கு ஒருவர் மரியாதை கொடுத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இப்போது அம்மா பெண் வீட்டுக்கு வந்துவிட்டதால் இரண்டு பேருக்குமே கோபம். அதுவாகப் போயிருக்கிறது, அதுவாக வரட்டும் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

கடைசியாக நாங்கள் பெண்கள் சாப்பிட்டோம். அம்மாவும் எங்களோடுதான் உட்கார்ந்தது. சாப்பிட்டுவிட்டு நான் கொல்லையில் பாத்திரம் துலக்கும்போது பக்கத்தில் வந்து துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் ஏழு பேரின் தட்டுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அம்மா கொஞ்ச நேரம் நான் துலக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுல ஏகப்பட்ட பேரு. இதுல ஒரு ஓரமா நான் ஒருத்தி இருந்தா தெரியவா போவுது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டது. ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு கேட்டது.

"இங்கேயே இருங்கம்மா" என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் படுக்கும் இடம் என்று ஒன்று உண்டு. மூன்று அறை மாமியாரின் மூன்று மகன்களுக்கு. கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே என் மாமியார். சுற்றிலும் பிள்ளைகள். ஒருவர் கூடினால் ஏழு பேர் நகர வேண்டும். யாரைக் கேட்டு நான் நகரச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே, "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"போட்டேன்" என்றது. எழுந்து உள்ளே போய்விட்டது.

பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் போனேன். அவர் வயலுக்குக் கிளம்ப வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவைக் கொஞ்ச நாள் இங்க வச்சுக்கலாமா?"

"எனக்கென்ன? எங்கம்மாவைக் கேட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமியார் கூடத்தில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். நான் போய் நின்று வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாருங்க சம்மந்தியம்மா, வந்தது வந்துட்டீங்க. ரெண்டு நாள் நல்லா இருந்துட்டுத்தான் போவணும். உடனே கெளம்புனா நான் வுட மாட்டேன்."

அவர் முழு அன்போடுதான் சொன்னார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதைவிட அன்பாக யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் இரண்டு நாள் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் எதைக் கேட்பது? அம்மா தலையை ஆட்டிக்கொண்டு, "ஆமா, ஆமா, ரெண்டு நாள்" என்றது.

சமையலறையில் மூத்த ஓரகத்தி மெதுவாக என்னிடம், "வச்சுக்கணும்னு நெனைக்கிறியா?" என்று கேட்டாள்.

நான் பாலை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

"எனக்கும் ஆசைதான், பாவம். ஆனா ஆறு ஆம்பளப் புள்ள இருக்கையில இங்க வச்சிருந்தா உங்க அண்ணனுங்க ஒருத்தனும் நாளைக்கு உன் வாசல்ல வந்து நிக்க மாட்டான். யோசிச்சுக்க."

ஐந்து மணிக்குப் பெரியண்ணனின் போன் வந்தது. அதற்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் முப்பது நாற்பது பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது. சின்னண்ணன் திரும்ப வந்து அழைத்துப் போக மாட்டார், அவர் முறை முடிந்துவிட்டது. தம்பி என் வீட்டுக்கு வர மாட்டான், வந்தால் அம்மா பெண் வீட்டில்தான் இருந்தது என்று அவனே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பெரியண்ணன் இரண்டு பேரையும் பேசி முடித்து வைத்திருந்தார்.

"நீ நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. அவன் அங்க வந்து அழைச்சுக்குவான். கொண்டு வந்து வுட்டதாவும் இருக்காது, வூடு தேடி வந்ததாவும் இருக்காது. பொதுவான எடம். சரியா?"

"அண்ணே, அம்மா இங்கயே..."

"என்ன? சத்தமாச் சொல்லு, டிராக்டர் ஓடுது."

"ஒண்ணும் இல்லண்ணே. எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா நிலைப்படியில் நின்றிருந்தது. எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. நான் சொன்னேன். கேட்டுக்கொண்டது. கோபப்படும் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பஸ் ஸ்டாண்டுலயா? சரி. எந்தப் பக்கம் நிக்கணும்னு கேட்டியா? அங்க ஒரு பக்கம் உக்கார எடமே கெடையாது."

"நெழலாப் பாத்து நிப்போம்மா."

"சரி" என்றது. பிறகு, "உன் மாமியாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேச வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் பேச மாட்டேன் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் மதியம் கொல்லையில் என்னிடம்தான் கேட்டிருக்கிறது.

மறுநாள் பத்து மணிக்கு நானும் அம்மாவும் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். தம்பி பத்தே முக்காலுக்கு வந்தான். மூன்று பேரும் டீ குடித்தோம். பேராவூரணி பஸ் பதினொன்றேகாலுக்கு வந்தது, இருவரும் ஏறிக்கொண்டார்கள். நான் கடைத்தெருவில் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.