அறுபத்தொரு கழித்தல் குறிகள்

என் கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதள வகையில் எந்த மென்பொருளும் ஆயத்தமாக வராது. மூல நிரலாக வரும். நாமே இயந்திரத்தில் கட்டியெடுக்க வேண்டும். வேண்டாத வசதியின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால், கட்டும்போதே அது விடுபட்டுவிடும். ஓய்வுபெற்று, தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கரும்புக் கொல்லையோரம் குடிவந்த பிறகு நான் போட்டவை அறுபத்தொன்று. அச்சுப்பொறி வேண்டாம், கைரேகை வேண்டாம், புளூடூத் வேண்டாம். நான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஆகிற இடம் அது ஒன்றுதான்.

போன ஆண்டு மனைவிக்குக் காது மந்தமானது. கள்ளக்குறிச்சியில் காது மெஷின் வாங்கி மாட்டினோம். கணினியில் புளூடூத் இருந்தால் மெஷின் அதன் ஒலியை நேரே காதுக்குள் வாங்கிக்கொள்ளும். வெளிநாட்டிலிருக்கும் மகள் ஞாயிறுதோறும் அழைப்பாள். கைப்பேசியில் முகம் சிறிதாகத் தெரிகிறதென்று மனைவிக்குக் கணினிதான் வேண்டும். ஆனால் குரல் சரியாகக் கேட்காது. மகளின் உதட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பாள்.

"மாமா, ஒரு லேப்டாப் அனுப்பறேன். தொறந்தா வேல செய்யும்," என்றார் ஒரு ஞாயிறு மகளோடு திரையில் வந்த மருமகன். "அத்தைக்கு இன்னும் எத்தினி நாளைக்கு ஊமப்படம் காட்டப் போறீங்க?"

மகள் சிரித்தாள்.

"இன்னாங்க சொல்றாரு மாப்ள?" என்று மனைவி கேட்டாள்.

"உடம்ப பாத்துக்கச் சொல்றாரு," என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்குள் அவளுக்குக் குரல் கேட்காவிட்டால் லேப்டாப் அனுப்புங்கள் என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன்.

சுலபவழி ஒன்று இருந்தது. புரொஃபைல் என்பது என்னென்ன வசதிகள் தாமாகவே இருக்கும் என்று முன்பே தீர்மானித்து வைத்த அச்சு. நான் எடுத்திருந்தது இருப்பதிலேயே சிறியது. பெரியதற்கு மாறினால் புளூடூத் வந்துவிடும். கூடவே நான் கேட்காத நாற்பதும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாறவில்லை. புளூடூத்துக்கான மென்பொருளை மட்டும் கட்டினேன். காது மெஷின் இணைந்தது, ஒலி வரவில்லை. ஒலியை அனுப்பும் மென்பொருளையும் புளூடூத்தின் கழித்தல் குறியோடுதான் முன்பு கட்டியிருந்தேன். குறியை எடுத்தேன். அதையும் அதைச் சார்ந்தவற்றையும் சேர்த்து மறுபடி கட்ட வேண்டியவை பத்தொன்பது.

எங்கள் பக்கம் பம்புசெட்டுக்கான த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் கொல்லை மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும். வோல்டேஜ் இறங்கி என் கணினி அணைந்துவிடும். த்ரீ பேஸ் போய் வீட்டுக் கரண்ட் மட்டும் இருக்கும்போதுதான் கட்ட முடியும். வாசலில் நின்று மோட்டார் சத்தம் எப்போது அடங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கொல்லைக்காரர் மடை திருப்பிக்கொண்டே கேட்டார்:

"இன்னா சார், நாங்கல்லாம் கரண்டு எப்ப வரும்னு பாத்துக்கினு கீறோம், நீங்க எப்ப போவும்னு பாத்துக்கினு கீறீங்க?"

பதினேழாவதைக் கட்டும்போது ஒருமுறை கணினி அணைந்ததால், அதை முதலிலிருந்து கட்டினேன். ஞாயிறு காலை பத்தொன்பதும் முடிந்தன.

அழைப்பு வந்தது. மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கேக்குதும்மா, நல்லா கேக்குது," என்றாள். ஒலி முழுவதும் அவள் காதுக்குப் போனதால் அறையில் ஒரு சத்தமும் இல்லை. மகளின் உதடுகள் அசைந்தன. இவள் சிரித்தாள். பிறகு மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் என்னவோ சொன்னாள். "தெரியும்மா. எனுக்குத் தெரியாதா. வுடு," என்று இவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

அழைப்பு முடிந்ததும் கேட்டேன். "என்ன சொன்னா?"

"உடம்ப பாத்துக்கச் சொன்னா."

ஒலியை ஒரே நேரத்தில் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் அனுப்ப வழியிருக்கிறது, அரைநாள் வேலை என்று சொல்லிப் பார்த்தேன்.

"வாணாங்க, இப்பிடியே நல்லாத்தான் கீது," என்றாள்.

லேப்டாப் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் உதட்டைப் பார்த்து நான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.